தலை எண்ணிப் பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது

போன சித்திரையில் ஒரு மத்தியானம். கீரனூர் கடைவீதியில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். சென்னைப் பதிவெண்ணோடு ஒரு வெள்ளைக் கார் வந்து ஓரங்கட்டியது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, ஒரு கல்யாண மண்டபத்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டார். டீ மாஸ்டருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் எனக்குத் தெரியாமல் ஒரு மண்டபமா என்று லேசாக மனத்தாங்கல்கூட வந்தது. "பத்திரிகை இருக்கா தம்பி?" என்று கேட்டேன். பின்சீட்டிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை கைமாறி வந்தது. வாங்கிப் படித்த மாஸ்டர், காருக்குள் இருந்த எல்லாரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, துக்கம் சொல்கிற குரலில் சொன்னார்: "சார், இது பழனிக் கீரனூரு. நீங்க வந்திருக்கிறது புதுக்கோட்டைக் கீரனூரு."

காருக்குள் யாரும் பேசவில்லை. முன்சீட்டில் இருந்த அவர் மனைவி நேராகச் சாலையைப் பார்த்தார். பின்சீட்டுப் பையன் சட்டைக் காலரை மேலே இழுத்து வாயை மூடிக்கொண்டான், தோள் குலுங்கியது. அவனுக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கிழவி கண் விழித்து, "என்னப்பா, வந்துட்டமா?" என்றார். ஓட்டி வந்தவர் கைபேசியை எடுத்து அதன் முகத்தையே வெறித்துப் பார்த்தார். அது அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. இல்லை, அது சொன்ன ஊருக்கு ஒழுங்காகத்தான் கொண்டுவந்து விட்டிருந்தது.

தமிழ்நாட்டில் கீரனூர்கள் பல. எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜாவின் கீரனூர் எதுவென்று கேட்டு, நம்மூர்க்காரர்தானே என்று என்னிடம் பெருமைப்பட்டவர்கள் உண்டு. அவருடையதும் பழனிப் பக்கத்துக் கீரனூர்தான். நாங்கள் திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிற, குளத்தூர் தாலுகாவின் தலைமையூர்க் கீரனூர். முகூர்த்தம் மறுநாள் காலைதான் என்பதால் குடி முழுகிவிடவில்லை. மாஸ்டர் திருச்சி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று வழியை விரல்விட்டுச் சொன்னார். "இறங்கி ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க" என்று நான் சொன்னது அந்த மனிதர் காதில் விழவில்லை. காரைத் திருப்பினார். திருப்புகையில் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம்கூட இல்லை. பரீட்சையில் தோற்றுவிட்டு அப்பாவிடம் மார்க் ஷீட் நீட்டும் பையனின் முகம். இங்கே அவரே அப்பா. மார்க் போடுகிறவர்கள் மற்ற மூன்று பேர்.

அந்த முகத்தை நான் முன்பே ஒரு படத்தில் பார்த்திருக்கிறேன். 1983இல் வந்த 'நேஷனல் லாம்பூன்ஸ் வெகேஷன்' என்ற அமெரிக்கப் படம். ஹரால்ட் ராமிஸ் இயக்கியது. செவி சேஸ் நடித்த கிளார்க் கிரிஸ்வோல்ட் என்ற குடும்பத் தலைவர் மனைவி, மகன், மகள் மூவரையும் ஒரு நீளமான பச்சைக் காரில் ஏற்றிக்கொண்டு, சிக்காகோவிலிருந்து கலிஃபோர்னியாவில் உள்ள 'வாலி வேர்ல்ட்' என்ற கேளிக்கைப் பூங்காவுக்குக் கிளம்புகிறார். விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் சேர்ந்து போவதில்தான் குடும்பம் இருக்கிறது என்பது அவர் கட்சி. அப்புறம் எல்லாம் கெடுகிறது. வழி தவறுகிறது, கார் பறந்து விழுகிறது, பணம் போகிறது. பம்பரில் கட்டிய நாயை அவிழ்க்க மறந்து காரைக் கிளப்புகிறார். வழியில் ஏற்றிக்கொண்ட எட்னா அத்தை பின்சீட்டிலேயே செத்துப்போகிறார்; பிணத்தைக் காரின் மேல் கட்டிக்கொண்டு பயணம் தொடர்கிறது. கடைசியில் போய்ச் சேர்ந்தால் பூங்கா பராமரிப்புக்காக இரண்டு வாரம் மூடிக் கிடக்கிறது. கிளார்க் ஒரு பொம்மைத் துப்பாக்கியைக் காட்டிக் காவலாளியை மிரட்டி ராட்டினங்களை ஓட்டவைக்கிறார்.

இதன் திரைக்கதையை எழுதியவர் ஜான் ஹியூஸ். 1979இல் அதே 'நேஷனல் லாம்பூன்' பத்திரிகையில் அவர் எழுதிய சிறுகதைதான் மூலம். கதை நடப்பது 1958இல். போகிற இடம் நிஜமான டிஸ்னிலாண்ட். அதில் அப்பா வால்ட் டிஸ்னியையே காலில் சுட்டுவிடுகிறார். கதையைச் சொல்வது மகன். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு மகன், பின்சீட்டிலிருந்து அப்பாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டே சொன்ன கதை. காலரால் வாயை மூடிச் சிரித்தானே, அவன் சொல்லப்போகிற கதை.

எட்னா அத்தை விஷயத்தில் எனக்கு இன்னும் ஒரு தயக்கம் உண்டு. முதல்முறை பார்த்தபோது சிரிக்கவில்லை. புண்ணியத் தலத்துக்குப் போகிற வழியில் ஒரு கிழவி கண்ணை மூடினால் எங்கள் பக்கம் 'கொடுத்து வச்ச மகராசி' என்பார்கள். சாவைச் சிரிப்பாக்க நம்மால் முடியாது என்பதில்லை. இழவு வீட்டில் நடக்கிற சிரிப்பு கல்யாண வீட்டில் நடக்காது. ஆனால் அந்தச் சிரிப்பு செத்தவரைச் சுற்றியிருக்கிற உயிருள்ளவர்கள் மேல். காரின் கூரையில் கிடக்கிற மூட்டை மேல் இல்லை. 2006இல் வந்த 'லிட்டில் மிஸ் சன்ஷைன்' படத்திலும் வழியில் தாத்தா இறக்கிறார், குடும்பம் சடலத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கடத்திக்கொண்டு போகிறது. அதில் மனம் ஒட்டுகிறது. அவர்களுடைய மஞ்சள் வேனுக்குக் கிளட்ச் போய்விடும். ஒவ்வொரு தடவையும் எல்லாரும் இறங்கித் தள்ளி, அது உருளத் தொடங்கியதும் ஒருவர் பின் ஒருவராக ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்ட வண்டியில் தாவி ஏறாதவர்கள் நம் பக்கம் யார் இருக்கிறார்கள்?

சரி, தமிழில் இந்த வகைப் படம் எது என்று கேட்டால், என் வயதுக்காரர்கள் யோசிக்காமல் 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி' என்பார்கள். 1966. திருமலை–மகாலிங்கம் இரட்டையர் இயக்கியது. ரவிச்சந்திரன், கல்பனா. விஸ்வநாதனைப் பிரிந்தபின் டி.கே. ராமமூர்த்தி தனியாக இசையமைத்த படங்களில் ஒன்று. நான் பார்த்தது அது வந்து பத்து வருஷத்துக்கு அப்புறம், டூரிங் கொட்டகையில், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து. எனக்கு முன்னால் யாராவது பெரியவர் உட்கார்ந்தால் அப்பத்தா எனக்கு இன்னும் இரண்டு கை மணலை அள்ளிப் போட்டு மேடாக்குவார். படத்தில் ஒரு பையன் பஸ் ஏறிய நேரத்திலிருந்து பக்கோடா கேட்டுக் கத்திக்கொண்டே இருப்பான். அந்த வேடத்தில் நடித்தவருக்கு ஆயுசுக்கும் பக்கோடா காதர் என்றே பெயர் நின்றுவிட்டது. அன்றைக்குக் கொட்டகையில் முதலில் தீர்ந்துபோனது பக்கோடாதான். முறுக்குத் தட்டு அப்படியே இருந்தது.

மெட்ராஸிலிருந்து பாண்டிச்சேரி என்ன தூரம்? நூற்றைம்பது, நூற்றறுபது கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். கிரிஸ்வோல்டுகள் ஒரு கண்டத்தை அளந்தார்கள். நம் ஆட்கள் ஒரு பகல்பொழுதுக்குள் கொலை, துரத்தல், காதல், பாட்டு, சண்டை எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய வித்தியாசம் வேறு. அமெரிக்கப் படத்தில் வண்டி குடும்பத்தினுடையது. நம் படத்தில் குடும்பங்கள் வண்டிக்குள் இருக்கின்றன. வண்டி யாருடையதும் இல்லை. அதை ஓட்ட ஒரு டிரைவர், விசில் ஊத ஒரு கண்டக்டர். கண்டக்டர் நாகேஷ்.

ஒரு பஸ்ஸில் எது கெட்டாலும் அது கண்டக்டர் பாடு. குழந்தை கத்தினால், ஜன்னல் ஓரத்துக்கு இருவர் சண்டை போட்டால், கோழிக் கூடையை உள்ளே ஏற்றலாமா என்ற வழக்கு வந்தால், சில்லறை இல்லாமல் போனால், எல்லாம் அந்தத் தோல்பையும் விசிலும் வைத்திருக்கிறவன் தலையில். நாகேஷின் மெலிந்த உடம்பு அந்தச் சந்துக்குள் முன்னும் பின்னும் வளைந்து போய்வருவதைப் பார்க்கையில், தமிழ்க் குடும்பத்தின் அத்தனை தகராறையும் சம்பளத்துக்குச் சுமக்கிற ஒருவரைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். குடும்பத் தலைவன் என்பவன் அங்கே ஒரு டிக்கெட். அதற்கு மேல் இல்லை. தோற்பதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. அதே படம் 1972இல் இந்தியில் 'பாம்பே டு கோவா' ஆனபோது மெஹ்மூத் கண்டக்டர் ஆனார்; கதாநாயகன் அப்போது பெரிதாகத் தெரியாத அமிதாப் பச்சன். ஊர் மாறியது, மொழி மாறியது, தூரம் கூடியது. கண்டக்டரை மட்டும் யாரும் மாற்றவில்லை. பஸ் இருந்தால் அவர் இருந்தாக வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்குப் பஸ் பெருமை ஒன்று உண்டு. டி.வி. சுந்தரம் ஐயங்கார் முதன்முதலில் பஸ் விட்ட தடம் தஞ்சாவூர்–புதுக்கோட்டைதான் என்று புதுக்கோட்டைக்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். மதுரைக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சண்டை அவர்களுக்குள் இருக்கட்டும். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தி வைத்த கதையை என் ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். எழுபதுகளின் தொடக்கத்தில் பஸ்கள் அரசுடைமையாகிப் பெயர்கள் பாண்டியன் என்றும் சோழன் என்றும் மாறின. பி.யு. சின்னப்பாவையும் ஜெமினி கணேசனையும் சினிமாவுக்குக் கொடுத்த மண் என்று மேடையில் பேசுவோம். ஆனால் ஜனங்களுக்கு நெருக்கமானது பஸ்தான். நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பங்குனியில் கூட்டங்கூட்டமாகப் போகிறவர்களுக்கு, விராலிமலைக்கு, சமயபுரத்துக்கு எல்லாவற்றுக்கும் அது.

கார் என்பது அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தில் பணக்காரப் பெண் ஓட்டி வருவது. அது நடுவழியில் நின்றால் அங்கே கதாநாயகன் இருப்பான், பானட்டைத் திறப்பான், கொஞ்ச நேரத்தில் பாட்டு வரும். கார் ரிப்பேர் என்றால் காதல் என்று அர்த்தம். குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 டில்லியில் ஒருவர் கைக்குப் போனது. அதே வருஷம்தான் கிளார்க் கிரிஸ்வோல்டும் திரைக்கு வந்தார். கீரனூர் போன்ற ஊர்களில் வாத்தியார் வீட்டு வாசலிலும் உரக்கடைக்காரர் வாசலிலும் கார் நிற்க அதற்கப்புறம் இருபது வருஷம் ஆனது. பேங்க் லோன் வந்தது, தவணை வந்தது, அப்பாவின் கையில் ஸ்டியரிங் வந்தது.

ஸ்டியரிங்கோடு சேர்ந்து வந்தது இன்னொன்று: யார் மேல் சிரிப்பது என்பது முடிவாகிவிட்டது.

ராம் இயக்கி 2025இல் வந்த 'பறந்து போ' அதனால்தான் எனக்குக் கணக்காகத் தெரிந்தது. சிவா அப்பா. வீட்டுக்குள் பூட்டி வைத்து வளர்த்த ஒரு பையன். அம்மா கிரேஸ் ஆண்டனி வெளியூரில் புடவைக் கடை போட்டிருக்கிறார். கடன் கழுத்தை நெரிக்க, அப்பனும் மகனும் ஊர் ஊராகப் போகிறார்கள். பையன் ஓடுகிறான், அப்பா பின்னாலேயே ஓடுகிறார். வண்டி அப்பாவினுடையது, வழி பையனுடையது. ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதலில் காட்டிவிட்டு இங்கே வந்த படம். புதுக்கோட்டையில் பார்த்துவிட்டு வெளியே வருகையில், என் வயதுக்காரர் ஒருவர், "என்னங்க, அப்பன இப்படி ஓட விடுறாங்க" என்றார். அவருக்கு அது குறையாகப் பட்டது. எங்கள் அப்பாக்கள் ஓடியதில்லை. அவர்களை ஓடவைக்கிற இடம் எங்களுக்கும் இல்லை. கேள்வி கேட்டால் அடி விழும். ஆனால் அவர்கள் தோற்காமல் தப்பித்ததற்குக் கம்பீரம் மட்டும் காரணம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். வண்டியை வேறு யாரோ ஓட்டினார்கள்.

என் அப்பா ஒரே ஒருமுறை அந்த விளிம்புவரை வந்தார். 1989, சித்திரை.

ராமேஸ்வரம் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகவே போகிறது. அப்பத்தாவுக்கு ராமேஸ்வரம் என்றால் ரயில், பாம்பன் வந்ததும் ஜன்னல் வழியே காசைக் கடலில் எறிய வேண்டும், அவ்வளவுதான் சாஸ்திரம். 1988 அக்டோபர் 2ஆம் தேதி ராஜீவ் காந்தி பாம்பன் சாலைப் பாலத்தைத் திறந்து வைத்தார். இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல் கடல்மேல் ரோடு. அதுவரை அந்தத் தீவுக்குப் போக ரயிலை விட்டால் படகுதான். பேப்பரில் படம் பார்த்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே பிடி: "இனிமே கீரனூர் வாசல்ல ஏறி ராமேஸ்வரம் வாசல்ல இறங்கலாம்." அந்தப் பாலத்தைப் பார்க்கத்தான் அவர் பயணமே போட்டார். அப்பத்தாவின் வேண்டுதல் என்பது வெளியில் சொன்ன காரணம்.

பன்னிரண்டு பேர் உட்கார வேண்டிய வாடகை வேனில் பதினேழு பேர். விடிய நாலு மணிக்குக் கிளம்பினோம். இரண்டு எவர்சில்வர் தூக்கு நிறையப் புளிச்சோறு, ஒரு அடுக்கில் தயிர்ச்சோறு, துவையல், வாழையிலைக் கட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி எதற்கு என்று அத்தை சொல்லவில்லை. திருமயம் கோட்டை இருட்டில் தெரிந்தபோது அத்தை மகளுக்குக் குமட்டத் தொடங்கியது, அப்போது தெரிந்தது. காரைக்குடி, தேவகோட்டை தாண்டித் தேவிபட்டினத்தில் நிறுத்தினோம். கடலுக்குள் ஒன்பது கல் நிற்கும் நவபாஷாணம். அதைச் சுற்றிவிட்டு வந்து டீ. வேன் கிளம்பும்முன் அப்பா தலை எண்ணினார். வெளியே நின்று, ஜன்னல் வழியாக, பின்சீட்டிலிருந்து ஆரம்பித்து, விரலை நீட்டி நீட்டி. பதினேழு. அப்பத்தா விடாமல் இன்னொரு தரம் எண்ணச் சொன்னார். அப்போதும் பதினேழு.

உச்சிப்புளி வரும்முன்னால் பின் டயர் வெடித்தது. ஸ்டெப்னியைக் கழற்றிப் போட்டால் அதிலும் காற்றில்லை. பனைமரமும் உடைமுள்ளும் தவிர நிழலுக்கு எதுவும் இல்லாத ரோட்டில் எல்லாரும் இறங்கினோம். "ரயில்ல போனா பஞ்சராகுமாடா?" என்று அப்பத்தா கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை, டிரைவரைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் டிரைவரைப் பார்த்தோம். திருமயத்திலிருந்து சேர்ந்துவந்த அத்தனை ஏச்சும் அந்த மனிதர் தலையில் விழுந்தது. அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய் ராமநாதபுரம் பக்கம் போகிற ஒரு லாரியில் ஏறினார்.

அப்போதுதான் அத்தை கேட்டார்: "இது யாரு?"

முன்சீட்டிலிருந்து இறங்கிய ஒரு பெரியவர், தலையில் வெள்ளைத் துண்டோடு, முள்மரத்தின் ஓரமாகக் குந்தியிருந்தார். மண்டபத்துக்குப் போகிறவராம். தேவிபட்டினத்தில் டிரைவர் ஏற்றிக்கொண்டாராம். சித்தப்பாவும் வெள்ளைத் துண்டுதான் கட்டியிருந்தார். அப்பா ஒரு தரம் எண்ணி, இன்னொரு தரமும் எண்ணி, அந்தப் பெரியவரைச் சித்தப்பாவாகக் கணக்கில் சேர்த்துவிட்டிருந்தார்.

சித்தி அழவில்லை. "அந்த மனுசன் எங்கயாச்சும் பேசிக்கிட்டு நின்னிருப்பாரு" என்றார். அப்பாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று எனக்குத் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. போன சித்திரையில் அந்தக் காரின் கண்ணாடிக்குள் பார்த்த அதே முகம். ஒரு நிமிஷம் இருந்திருக்கும். பிறகு அந்தப் பெரியவர் பக்கம் திரும்பி, "ஏறும்போது சொல்ல வேணாமாய்யா?" என்று சத்தம் போட்டார். பெரியவர் அதற்கு, "நீங்க எண்ணுனப்ப நான் அங்கனதான இருந்தேன்" என்றார். நியாயம்தான்.

திரும்பிப் போய்த் தேடுவதா, யாரை அனுப்புவது என்று பேச்சு நடக்கும்போது பின்னாலிருந்து ஒரு அரசு பஸ் வந்தது. ராமேஸ்வரம் போகிற பஸ். அப்பா ரோட்டில் இறங்கிக் கையை நீட்டினார். நிறுத்தவில்லை. கடந்து போகையில் பார்த்தால், ஜன்னலில் சித்தப்பா. துண்டை வெளியே நீட்டி ஆட்டினார். ஏதோ கத்தினார்; காற்றில் கேட்கவில்லை. "வாங்கங்கிறாரு" என்றார் அத்தை. மேல்படியில் நின்ற கண்டக்டர், எங்களையும் வேனையும் கீழே கிடந்த ஜாக்கியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு விசிலை ஒருதரம் ஊதினார். அது டிரைவருக்கா எங்களுக்கா என்று தெரியவில்லை.

பாலத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து வேன் பாம்பன் பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் கடல். கீழே இடது கைப்பக்கம் ரயில் பாலம், பொம்மை மாதிரி. வேனையே தள்ளுகிற காற்று. பதினாறு பேரும் ஒரே சமயத்தில் பேசினோம். அப்பத்தா பத்துக் காசு நாணயத்தை எறிய, அது காற்றில் திரும்பி வந்து மாமாவின் கண்ணாடியில் பட்டது. அப்பா மட்டும் பார்க்கவில்லை. அத்தை மகளுக்கு மறுபடி குமட்டல் எடுக்க, அவர் எங்கள் பக்கம் திரும்பி, முட்டிபோட்டு, வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எங்க வந்திருக்கோம்? பாலமா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிள்ளையின் நெற்றியைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தங்கச்சிமடம்.

கோயிலுக்கு முன்னால் இறங்குகையில் மணி ஒன்றே கால். நடை சாத்தியிருந்தது.

ஊர்ப்பட்ட தூரம் வந்து கதவு சாத்தியிருப்பதைப் பார்த்ததும் கிளார்க் கிரிஸ்வோல்ட் துப்பாக்கியைத் தேடினார். பூங்கா என்பது அவர் கொடுத்த வாக்கு. மூடியிருந்தால் அவர் பொய்யர். எங்களுக்குச் சாத்திய நடை என்பது மூன்று மணிவரை சாத்திய நடை. சாமி சாப்பிட்டுப் படுத்திருக்கிறார், எழுந்திருக்கட்டும். கீழக்கோபுரத்துக்கு எதிரே ஒரு சத்திரத்துத் திண்ணையில் இலை போட்டோம். புளிச்சோறு காலையில் இருந்ததைவிட நன்றாக ஊறியிருந்தது, தயிர்ச்சோறு புளித்திருந்தது. டிரைவருக்கு முதல் இலை. காலையில் அதிகம் ஏசிய அத்தைதான் அவருக்கு இரண்டாம் தரம் வைத்தார். அப்பத்தா தீர்த்தமாடி, சாமி பார்க்காமல் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை என்று தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

எச்சில் இலை எடுக்கிற நேரத்தில் சித்தப்பா வந்தார். நெற்றி நிறைய விபூதி. கையில் பிரசாதம்.

"எல்லாரும் எங்க போனீங்க? நான் பன்னண்டரைக்கே பாத்துட்டேன். கூட்டமே இல்ல" என்றார்.

ஆக, அன்றைக்கு உச்சிக்காலம் முடிய அவரை விட்டுவிட்டுப் போனவர்கள் யாருக்கும் தரிசனம் இல்லை. விடப்பட்டவருக்கு அமோகமான தரிசனம். சித்தி அவரை மேலும் கீழும் பார்த்தார். அப்பத்தா பார்க்கவில்லை, மோந்தார். சித்தப்பாவின் கக்கத்தில் தினத்தாளில் சுற்றிச் சணல் கட்டிய பொட்டலம் ஒன்று இருந்தது.

"என்னடா அது?"

தேவிபட்டினத்தில் ஒரு அம்மாவிடம் கருவாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் வேன் போய்விட்டதாம். "பொட்டலத்த டீக்கடையில குடுத்து வச்சுட்டுத்தான் ஆத்தா உள்ள போனேன்" என்றார்.

வேனுக்குள் ஏற்றக் கூடாது என்று அப்பத்தா தீர்ப்புச் சொல்லிவிட்டார். சித்தப்பாவுக்குப் போடவும் மனமில்லை, நல்ல நெத்திலி. சாயங்காலம் தரிசனம் முடிந்து கிளம்பும்போது டிரைவர் மேலே ஏறி, அதை ஒரு சாக்கில் சுருட்டி, கேரியரில் ஸ்டெப்னியோடு சேர்த்துக் கட்டினார். பாலத்தைத் தாண்டும்போது இருட்டிவிட்டது. அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் வெறும் விளக்குகள்தான் தெரிந்தன. பின்னிரவில் திருமயம் முக்கத்தில் டீக்கு நிறுத்தினோம். இறங்கிப் பார்த்தால் வேனைச் சுற்றி ஏழெட்டு நாய்கள், எல்லாம் மேலே பார்த்தபடி. அப்பா தலை எண்ண ஆரம்பித்தார்.